40 கெஜம்

நம்மூரில் கெஜக் கணக்கு மடிசாரோடு நின்றுபோனது. அமெரிக்காவில் அது இன்னும் மனிதர்களுக்கு விலை போட்டுக்கொண்டிருக்கிறது. 40 கெஜம், அதாவது 36.5 மீட்டர் சொச்சம். அமெரிக்கக் கால்பந்து ஆடும் ஒரு கல்லூரிப் பையன் அந்தத் தூரத்தை எத்தனை செகண்டில் ஓடுகிறான் என்பதைப் பொறுத்து, அவனை என்.எஃப்.எல். அணிகள் எப்போது எடுக்கும், எவ்வளவு சம்பளம் தரும் என்பதெல்லாம் மாறும். 4.6 வந்தால் ஒரு வாழ்க்கை. 4.8 வந்தால் வேறொரு வாழ்க்கை. நடுவில் இருப்பது ஒரு கண்சிமிட்டல்தான்.

ஏன் 40? பால் பிரவுன் என்ற பயிற்சியாளரைக் கைகாட்டுவார்கள். காலால் உதைத்த பந்து சுமார் 40 கெஜம் போகும். அது இறங்குகிற இடத்துக்கு யார் முதலில் போய்ச் சேருகிறான் என்று பார்க்க அவர் வைத்த அளவு அது. நியாயம்தான். ஆனால் டிஃபென்சிவ் எண்ட் என்கிற ஆட்டக்காரனுக்கு இதனால் என்ன? அவன் நேர்கோட்டில் 40 கெஜம் ஓடுவது அபூர்வம்.

அவன் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பான். எதிரே 140 கிலோ கனத்தில் ஒரு டேக்கிள். அந்த மலைக்குப் பின்னால் பந்தை வைத்துக்கொண்டு குவார்ட்டர்பேக். மலையைச் சுற்றியோ இடித்தோ போய் அவரைச் சாய்க்க வேண்டும். கிடைப்பது ரெண்டரை, மூணு செகண்டு. முதல் ரெண்டு மூன்று எட்டு, இடுப்பு வளைகிற விதம், கை எங்கே அடிக்கிறது, டேக்கிள் எந்தக் காலில் பாரத்தைப் போட்டிருக்கிறான் என்ற மோப்பம். எல்லாமே இன்னொரு மனிதன் எதிரே நிற்கும்போது மட்டும் நடக்கிற விஷயங்கள். காலி மைதானத்தில் ஒற்றை ஆளாக ஓடவிட்டு இதில் எதை அளப்பது?

அளக்க ஆள் வராததால் பிழைத்தவரும் உண்டு. டேவிட் ஜோன்ஸ், ஃப்ளோரிடாவின் ஈட்டன்வில்லில் பிறந்த கறுப்பின இளைஞர். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழக அணிகள் வெள்ளையர்களுக்கு மட்டும் என்றிருந்த காலம். அவர் சேர்ந்தது சவுத் கரோலினா ஸ்டேட் என்ற கறுப்பினக் கல்லூரி. சிவில் உரிமைப் போராட்டம் ஒன்றில் கலந்துகொண்டார் என்று தெரிந்ததும் அவருடைய உதவித்தொகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். அங்கிருந்து மிசிசிப்பி வொக்கேஷனல் கல்லூரி. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் கறுப்பர்களுக்கு விடுதி கிடைக்காது. எதிரணிக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டில் போட்டுத் தூங்குவார்கள். இந்த மாதிரிக் கல்லூரிகளுக்கு ஸ்கவுட்கள் எட்டிப் பார்ப்பதே அரிது.

லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ஆட்கள் வேறொரு ஓட்டக்காரரை மதிப்பிட ஒரு படச்சுருளைப் போட்டுப் பார்த்தார்களாம். அந்த ஓட்டக்காரரைவிடக் கனமான ஒருவன் பின்னாலிருந்து துரத்தி அவரைப் பிடித்துவிடுகிறான். யாருப்பா இவன்? இன்றுவரை சொல்லப்படும் கதை இதுதான். 1961 டிராஃப்டில் 14ஆவது சுற்றில், 186ஆவது ஆளாக அவரை எடுத்தார்கள். டேவிட் ஜோன்ஸ் என்ற பெயர் யாருக்கும் நினைவில் நிற்காது என்று தனக்குத் தானே டீக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டார். குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பதற்கு ‘சாக்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான் என்பார்கள். 1982 வரை என்.எஃப்.எல். சாக்கை அதிகாரபூர்வமாக எண்ணவே இல்லை. பிற்பாடு பழைய ஆட்டங்களைத் தேடிப்பிடித்து எண்ணியவர்கள் அவர் கணக்கில் 173.5 என்கிறார்கள். எதிராளியின் தலைக்கவசத்தில் ஓங்கி அறைந்துவிட்டு அவன் சுதாரிப்பதற்குள் தாண்டிப் போவது அவருடைய வித்தை. 1977இல் அதைத் தடை செய்தார்கள். ஒரு வித்தையைத் தடை செய்ய வேண்டிவருவதைவிடப் பெரிய மதிப்பெண் எனக்குத் தெரியவில்லை.

இன்றைக்கு அப்படி யாரும் கண்ணில் படாமல் போக முடியாது. 1982இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் சில அணிகள் சேர்ந்து ஒரு முகாம் நடத்தின. ஒரே பையனை ஒவ்வொரு அணியும் தனித்தனியாகக் கூப்பிட்டு மருத்துவப் பரிசோதனை செய்வது வீண்செலவு, எல்லாரும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம் என்ற சிக்கனம்தான் நோக்கம். அது வளர்ந்து கம்பைன் ஆனது. 1987 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது. உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம், 102 கிலோவை எத்தனை தடவை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான். மாட்டுச்சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோலத்தான் இருக்கும். வரிசையில் பாதிக்கு மேல் கறுப்பின இளைஞர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த உவமை இன்னும் உறுத்தும்.

1995இல் இங்கே வந்தார் மைக் மமுலா, பாஸ்டன் காலேஜின் டிஃபென்சிவ் எண்ட். அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். வினாத்தாள் முன்கூட்டியே தெரிந்த பரீட்சை இது, அப்ப அதுக்கே படிக்கலாமே? ஆட்டத்துக்கான பயிற்சியோடு நிற்காமல், கம்பைனில் வைக்கிற அதே சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து பழகினார். 40 கெஜம் 4.58 செகண்டு. பளு 28 தடவை. எம்பல் 38.5 அங்குலம். 50 கேள்விகள் கொண்ட அறிவுச் சோதனையில் 49 என்றும் செய்தி வந்தது.

ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் மயங்கிவிட்டது. 12ஆவது இடத்திலிருந்து 7ஆவது இடத்துக்கு முன்னேற, ரெண்டு இரண்டாம் சுற்று வாய்ப்புகளையும் டாம்பா பே அணிக்குக் கொடுத்து அவரை எடுத்தது. டாம்பா பே 12ஆவது இடத்தில் வாரன் சாப்பை எடுத்தது. கைக்கு வந்த மற்ற வாய்ப்புகளை வைத்துப் பேரம் பேசி, அதே முதல் சுற்றில் டெரிக் புரூக்ஸையும் எடுத்தது. இரண்டு பேருமே பின்னாளில் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள்.

மமுலாவின் பெயர் வசவாகிவிட்டது. சோதனையில் சூரன், களத்தில் சுமார் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் இன்றும் அவர் பெயர்தான். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. காயத்தால் ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்துவிட்டு, ஆடிய 5 பருவங்களில் 31.5 சாக். சாதாரணமாக நல்ல ஆட்டக்காரன் ஒருவனின் கணக்கு இது. பேரம் பேசியது ஈகிள்ஸ், பழி மமுலாவுக்கு.

எட்டு வருடம் கழித்து இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. டெரல் சக்ஸ் 2002இல் அரிஸோனா ஸ்டேட்டுக்காக ஒரே பருவத்தில் 24 சாக் எடுத்து, கல்லூரி ஆட்டத்தில் சாதனை படைத்தவர். டிராஃப்டுக்கு முன்பு ஓடவிட்டால் 4.8 செகண்டுப் பக்கம். உடனே முணுமுணுப்பு: பையன் மெதுவா இருக்கான். ஒரு வருடம் முழுக்க மனிதர்களுக்கு எதிரே அவர் செய்துகாட்டியதை, ஆளில்லாத தடத்தில் ஓடிய சில செகண்டுகள் சந்தேகத்துக்கு உள்ளாக்கின. 10ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். எடுத்தது பால்டிமோர் ரேவன்ஸ். முதல் பருவத்திலேயே 12 சாக். 2011இல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர். ஓய்வு பெறும்போது 139.

இவ்வளவுக்குப் பிறகும் 40 கெஜ ஓட்டம் போகவில்லை. டிஃபென்சிவ் எண்ட் ஓடும்போது முதல் 10 கெஜத்தின் நேரத்தையும் தனியாகக் குறித்துக்கொள்கிறார்கள். அவன் வேலைக்கு அதுதான் கொஞ்சமாவது பக்கத்தில் வருகிறது. பையன்களும் சும்மா இல்லை. கல்லூரி ஆட்டம் முடிந்த கையோடு தனியார் பயிற்சி மையங்களுக்குப் போய், கையை எங்கே ஊன்றுவது, முதல் எட்டு எந்தக் கோணத்தில் வைப்பது என்று வாரக்கணக்கில் அந்த ஓட்டத்தை மட்டும் பழகுகிறார்கள். 1995இல் மமுலா செய்ததைத்தான் இப்போது ஏறக்குறைய எல்லாரும் செய்கிறார்கள். அந்தச் செலவை முன்பணமாகப் போடுவது பெரும்பாலும் அவர்களுடைய ஏஜெண்டுகள்.