ரஞ்சகம்
டிரம்ப் வகை அரசியலை ‘ஜனரஞ்சகம்’ என்கிறோம். ‘ரஞ்ஜ்’ என்ற வடமொழி வேருக்குச் சாயமேற்றுதல், மகிழ்வித்தல் என இரு பொருள். ராகமும் அந்த வேரில் கிளைத்ததுதான். பழைய அகராதிகளில் இன்னொரு ரஞ்சகமும் உண்டு: அந்தக்காலத் துப்பாக்கியில் முதலில் தீப்பற்றுவதற்காக இடும் துளி வெடிமருந்து. சிவகாசிக்காரருக்கு இந்தப் பொருள்தான் சட்டென்று பிடிபடும். அங்கே ‘மருந்து’ என்றாலே வெடிமருந்துதான்.

விருதுநகரில் ஜனரஞ்சகம் 1967-இல் பற்றிக்கொண்டது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் எழுந்த மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், காமராஜரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி அந்தத் தேர்தலில் ஊரெங்கும் பேச்சு. பத்தாண்டு கழித்து, பக்கத்து அருப்புக்கோட்டையில் வென்ற எம்.ஜி.ஆர். முதல்வரானார். சினிமாக் கவர்ச்சி ஆட்சி நடத்துமா என்று கவலைப்பட்டவர்கள் உண்டு. 1982-இல் அவர் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோதும் வெறும் ஜனரஞ்சகம் என்று ஏளனம் செய்தார்கள். காமராஜர் போட்ட பள்ளிச் சோற்றின் நீட்சிதான் அது என்பதை வசதியாக மறந்துவிட்டார்கள்.