சீரமைப்பு ஒப்பந்தக்காரர்: தேர்வும் ஒப்பந்தமும் (காட்டூர், திருச்சிராப்பள்ளி)

சீரமைப்பு ஒப்பந்தக்காரர் என்பவர், குடியிருப்புக் கட்டடத்தில் தோன்றும் விரிசல், சுவர் ஓதம், தளக் கசிவு முதலிய பழுதுகளை நீக்கித் தரும் பணியையோ, பழைய அறைகளை மாற்றியமைக்கும் பணியையோ, பேசிய தொகைக்குத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொள்பவர் ஆவார். திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் மேஸ்திரி, கான்ட்ராக்டர் என்னும் இரு சொற்களும் இவரைக் குறிக்க வழங்கினாலும், இரண்டுக்கும் பொறுப்பில் வேறுபாடு உண்டு. கொத்தனாரையும் சித்தாளையும் திரட்டிவந்து கூலிக்கு மட்டும் பொறுப்பேற்பது லேபர் கான்ட்ராக்ட் எனப்படும். இதில் சிமென்ட், மணல், கம்பி ஆகியவற்றை வீட்டுக்காரரே வாங்கித் தருவார். பொருளும் கூலியும் ஒருவர் தலையிலேயே இருப்பது முழு ஒப்பந்தம். பழுது மீண்டும் தலைகாட்டும்போது, முதல் வகையில் பொருளின் மேல் குறைசொல்லி ஒதுங்க இடமிருக்கிறது. இரண்டாம் வகையில் அந்த இடம் இல்லை.

தஞ்சாவூர்ச் சாலையில் அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் இடையே அமைந்த காட்டூர், 1960களில் பெல் கொதிகலன் ஆலையும் துப்பாக்கித் தொழிற்சாலையும் வந்தபின் மாநகரின் கிழக்கில் பெருகிய குடியிருப்புகளுள் ஒன்றாகும். இப்பகுதியின் பழைய காங்கிரீட் தள வீடுகள் பழுதுபார்க்கும் வயதை எட்டிவிட்டன. அவற்றின் முதன்மையான நோய் கம்பித் துரு. காவிரிக்கு அப்பால் ஸ்ரீரங்கத்து வீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளோ செங்கல்லும் சுண்ணாம்பும் மரமும் கொண்டு எழுந்தவை. ஆகவே, ஒன்றில் தேர்ந்த கை மற்றொன்றிலும் தேர்ந்ததாக இருக்கும் என்று கொள்ள இயலாது.

காரணம் காணும் திறன்

ஒப்பந்தக்காரரின் நம்பகத்தை அளக்கும் முதற்கோல் அவர் சொல்லும் விலையன்று. பழுதின் காரணத்தை அவர் எவ்வாறு தேடுகிறார் என்பதே. தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் வீட்டை எடுத்துக்கொண்டால், மேலிருந்து இறங்கும் ஈரமும் காற்றும் காங்கிரீட்டினுள் புகுந்து கம்பியைத் துருவேற்ற, துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே எழும் அழுத்தம் காங்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. இந்நிலையில் மாடித் தளத்தின் வாட்டத்தையும், தண்ணீர்த் தொட்டியையும், மழைநீர் இறங்கும் குழாயையும் பார்க்காமல், அண்ணாந்து பார்த்தவுடன் சதுரத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்பவர் நோயை விட்டுவிட்டுத் தழும்பை மூட வந்தவர். (சதுரம் என்பது 100 சதுர அடி.) அறிந்தவர் சுத்தியால் தட்டிப் பார்த்து, உள்ளீடற்ற ஓசை கேட்கும் பரப்பைச் சுண்ணக்கட்டியால் குறிப்பார்; தளர்ந்த காங்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தியெடுத்து, துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சும், பழையதையும் புதியதையும் இணைக்கும் பசையும் இட்ட பிறகே பாலிமர் சேர்த்த கலவையால் மூடவேண்டும் என்பதை விளக்குவார். கம்பி மிகவும் மெலிந்திருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் கைவைக்க முடியாது என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். தம்மால் ஆகாததை ஆகாது என்று சொல்லும் இந்தப் பண்பு, வேறு எந்தச் சான்றிதழைக் காட்டிலும் மதிப்புடையது.

ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளில் காரணம் காணும் திறனின் தேவை இன்னும் கூடுதலாகும். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளத்தில், தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திவைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பர். சுண்ணாம்புச் சுவர் உள்வாங்கிய ஈரத்தை மீண்டும் வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கிறது. இவ்வீடுகளுக்கு வரும் ஒப்பந்தக்காரரிடம், சுண்ணாம்பைப் புளிக்கவைக்கும் முறையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சாந்தில் சேர்ப்பதன் பயனும் தெரியுமா என்று கேட்பது வீண்கேள்வி ஆகாது.

முன்னர் செய்த பணிகளைப் பார்வையிடுவதிலும் ஒரு நுட்பம் உண்டு. சென்ற மாதம் முடித்த வீட்டில் புதிய வண்ணப்பூச்சு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். குறைந்தது இரண்டு வடகிழக்குப் பருவமழைகளைக் கடந்த வீட்டையே பார்க்கவேண்டும்.

மதிப்பீடும் ஒப்பந்தமும்

மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்வதைவிட, வேலைவாரியாக அளவும் விலையும் எழுதிய மதிப்பீடு பெறுவது பாதுகாப்பானது. பூச்சு வேலையில் கதவு, சன்னல் பரப்பைக் கழிப்பது பற்றித்தான் வீட்டுக்காரருக்கும் மேஸ்திரிக்கும் அடிக்கடி மனத்தாங்கல் எழுகிறது. இந்தியத் தர நிர்ணயம் 1200இன்படி, 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இருபுறமும் பூசிய சுவரில் ஒருபுறம் மட்டுமே கழிக்கப்படும். 3 அடிக்கு 7 அடிக் கதவு இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. எந்த முறையில் அளப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொண்டால் சச்சரவுக்கு இடமில்லை.

சிமென்ட்டின் வகை, ஆற்றுமணலா எம்-சாண்டா என்பது, கலவை விகிதம், இடிபாடுகளை அகற்றும் பொறுப்பு ஆகியவற்றோடு, நீராற்றும் நாட்களும் ஒப்பந்தத்தில் இடம்பெறவேண்டும். இந்தியத் தர நிர்ணயம் 456, வெப்பமும் வறட்சியும் மிகுந்த சூழலில் காங்கிரீட்டைச் சாதாரண சிமென்ட்டாயின் 10 நாட்களும், சாம்பல் முதலியன கலந்த சிமென்ட்டாயின் 14 நாட்களும் ஈரமாக வைத்திருக்க வற்புறுத்துகிறது. திருச்சியின் கோடைக்கு இது முற்றிலும் பொருந்தும். முன்பணத்தைச் சிறிதாக வைத்து, முடிந்த வேலையை அளந்தபின் தவணை கொடுத்து, இறுதித் தொகையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவைப்பது நல்ல ஏற்பாடு. அரசுப் பணிகளிலும் இத்தகைய பிடித்தம் வழக்கமே. மின்கம்பி வேலைக்குத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்றவரே வேண்டும். ஜி.எஸ்.டி. எண் இல்லாததை மட்டும் கொண்டு ஒருவரை ஐயுறுவது நியாயமன்று. ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவையாளருக்குப் பொதுவாக அப்பதிவு கட்டாயமில்லை.

சட்டப் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் ஐந்தாண்டுக் கட்டமைப்புப் பொறுப்பை விதிப்பது வீடு விற்கும் நிறுவனங்களுக்கே; விற்பனை கலவாத பழுதுபார்ப்புக்குப் பதிவு தேவையில்லை என அதன் 3ஆம் பிரிவு விலக்களிக்கிறது. எனவே சொந்த வீட்டைச் சீரமைப்பவருக்கு நுகர்வோர் சட்டமே துணை. வீட்டுக் கட்டுமானம் ஒரு சேவை என்பதை 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம் என்பதால், காட்டூர்வாசி திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கவேண்டும். கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதபோது அதற்குக் கட்டணம் இல்லை.