பேசாப் படங்கள் வளர்த்த நகை

1895-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள், பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்களுள் ஒன்று தோட்டக்காரன் ஒருவனைப் பற்றியது. நீர் பாய்ச்சும் குழாயைச் சிறுவன் ஒருவன் மிதித்து அடைக்கிறான். நீர் நின்றதேன் என்று தோட்டக்காரன் குழாயின் வாயை உற்று நோக்க, சிறுவன் காலை எடுக்கிறான். நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கிறது. ஒரு நிமிடமும் நிறையாத இப்படத்திலேயே பின்வந்த நகைச்சுவைப் படங்களின் வித்து அடங்கியிருந்தது எனலாம்.

அவ்வித்து தழைத்தோங்கிய மண் அமெரிக்கா. 1905-க்குப் பின் அங்கு ஐந்து காசுக் கொட்டகைகள் பெருகின. இத்தாலி, போலந்து, உருசியா முதலிய நாடுகளினின்று பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் அவற்றில் திரண்டனர். ஆங்கிலம் அறியாமை அவர்கட்குத் தடையாகவில்லை. இடையிடையே தோன்றிய எழுத்துகளும் மிகச் சிலவே. பேசாப் படம் எனினும் கொட்டகை ஊமையாக இருந்ததில்லை. பியானோ ஒலியும் மக்கள் சிரிப்பொலியும் அதனை நிறைத்தன.

1912-இல் மாக் சென்னட் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனம், காவலரையே ஓடவும் விழவும் வைத்து நகை விளைத்தது. நகையின் நிலைக்களன்களுள் எள்ளலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. அதிகாரத்திற்கு அஞ்சி வாழ்ந்த ஏழைக்கு, அவ்வதிகாரம் சேற்றில் விழக் காண்பது சிறு ஆறுதலன்றோ!

இந்நிறுவனத்தின் வழியே 1914-இல் திரைக்கு வந்தவர் சார்லி சாப்ளின். 1889-இல் இலண்டனில் பிறந்து, இளமையில் ஏழையர் விடுதியிலும் வாழ்ந்தவர். தொளதொளத்த காற்சட்டை, இறுகிய மேற்சட்டை, பிரம்பு, சிறு மீசை ஆகியவற்றோடு அவர் படைத்த நாடோடி, பசியை நன்கறிந்தவன். 1917-இல் வெளிவந்த ‘தி இமிகிரண்ட்’ படத்தில், குடியேறுவோரைச் சுமந்த கப்பல் சுதந்திரதேவி சிலையைக் கடக்கிறது. அனைவரும் அதனை ஆவலோடு நோக்கும் அவ்வேளையிலேயே அதிகாரிகள் கயிறு கொண்டு அவர்களை ஆடுமாடுகள்போல் வளைத்து நிறுத்துகின்றனர். பின்னர் உணவகத்தில், பத்துக் காசு குறைந்த ஒருவனைப் பணியாளர் அடித்து நொறுக்குவதைக் கண்டு நடுங்கிய நாடோடி, தன் நாணயமும் பையின் ஓட்டை வழியே நழுவியதை உணர்கிறான். கொட்டகையில் இருந்தோருள் பலர் அக்கப்பலில் வந்தவர்களே. அவர்கள் சிரித்தது தம் கதையைக் கண்டுதான்.

ஆரல்டு லாயிடு 1923-இல் கட்டடத்தின் கடிகார முள்ளில் தொங்கினார். 1919-இல் நேர்ந்த வெடிவிபத்தில் வலக்கை விரல்கள் இரண்டை இழந்தவர் அவர். பசுடர் கீட்டன் 1928-இல், வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் தம்மீது சாயச் சலனமின்றி நின்றார். திறந்த சன்னல் அவரைச் சுற்றி விழுந்தது. உயிரைப் பணயம் வைத்த இக்கலையை வெறுங்கோமாளித்தனம் என்று ஒதுக்குவது பொருந்தாது.

1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்ததும் படங்கள் பேசத் தொடங்கின. மொழிகளின் எல்லைகளும் திரைக்குள் புகுந்தன. சாப்ளின் மட்டும் உடன்படாது 1931-இல் ‘சிட்டி லைட்ஸ்’ படத்தை உரையாடலின்றியே எடுத்தார். 1936-இல் ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்தில் நாடோடியின் குரல் முதன்முதலாகக் கேட்டது. அவன் பாடினான், ஆனால் அப்பாடலின் சொற்கள் எந்த மொழியிலும் பொருள் தராதவை.