வானொலியும் ஒபெரா மாளிகையின் கதவும்

மேலைநாட்டுச் சாஸ்திரிய இசையை மாளிகைகளிலிருந்து மீட்டு மக்களிடம் கொண்டு சேர்த்தது வானொலியே என்று கூறுவோர் உளர். அக்கூற்று முற்றிலும் பொய்யன்று. ஆயினும், வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து கேட்கும் உரிமையும் மேடையில் ஏறிப் பாடும் உரிமையும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே ஐக்கிய அமெரிக்காவிற் கிடந்த தூரத்தை அளந்து காட்டும் நாள் ஒன்றுண்டு. அது 1939 ஏப்ரல் 9, உயிர்த்த ஞாயிறு.

அந்நாளை விளங்கிக்கொள்வதற்கு நியூயோர்க் மெற்றோபொலிட்டன் ஒபெராவின் பிறப்பை முதலில் நோக்குதல் வேண்டும். பழைய இசையரங்கிலே பரம்பரைச் செல்வர்கள் தம் தனி மாடங்களை விட்டுக்கொடுக்கவில்லை. எனவே புகையிரதப் பாதைகளாலும் வங்கிகளாலும் புதிதாகப் பணம் குவித்தோர் 1883 இல் தமக்கென வேறோர் அரங்கைக் கட்டிக்கொண்டனர். அங்கே மாடங்களில் வீற்றிருந்த சீமாட்டிகளின் நகைகளை வைத்து அவ்வரிசைக்கு 'வைர லாடம்' என்று பெயர் வழங்கிற்று. இசை அங்கே இரண்டாவது காட்சிப் பொருள், முதலாவது, மாடத்திலிருந்தோரே.

1910 ஜனவரியில் லீ டி ஃபொரெஸ்ட் என்னும் பொறியியலாளர் இவ்வரங்கிலிருந்து கரூசோவின் குரலை வானலையில் ஏற்றிப் பார்த்தார். கேட்டவர் மிகச் சிலரே. முறையான ஒலிபரப்பு 1931 நத்தார் தினத்தன்று ஹம்பர்டிங்கின் 'ஹன்சலும் கிரெற்றலும்' என்ற ஒபெராவுடன் தொடங்கியது. என்.பீ.சீ. நிறுவனம் அதனை ஒலிபரப்பியது. அதுவரை ஒலிபரப்பை விரும்பாதிருந்த அரங்க நிருவாகம் திடீரென மனம் மாறியது ஏன்? 1929 இன் பொருளாதார நெருக்கடி ஆசனங்களை வெறுமையாக்கிவிட்டது. மக்கள்மீது பிறந்த காதல் அன்று, காலியான பணப்பெட்டியே கதவைத் திறந்தது. எனினும் திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை. சனிக்கிழமைப் பிற்பகல்தோறும் கமக்காரர் வீட்டிலும் தொழிலாளர் குடியிருப்பிலும் வேர்டியும் வாக்னரும் ஒலித்தனர். 1940 இல் மாடக்காரரிடமிருந்து அரங்கை வாங்குதற்கு நிதி திரட்டியபோது வானொலி நேயர்கள் அனுப்பிய சிறு தொகைகள் அதில் கணிசமான பங்காயின. அதே ஆண்டு டிசம்பரில் எண்ணெய்க் கம்பனியான டெக்சாக்கோ ஒலிபரப்பின் புரவலராக வந்தமர்ந்து 2004 வரை அவ்விடத்தில் இருந்தது. காசு கொடுத்த நேயர் ஒருபுறம், பெயர் பெற்ற கம்பனி மறுபுறம்!

இந்நேயருள் கறுப்பின மக்களும் இருந்தனர். ஆனால் 1883 முதல் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அம்மேடையிலே ஒரு கறுப்பினப் பாடகர்கூடத் தனிப் பாத்திரம் ஏற்றதில்லை. மதிலுக்கு வெளியே நின்று மேளம் கேட்டவர்களைக் கண்ட சமூகத்தவராகிய நாம் இந்நிலையை விளங்கிக்கொள்ள அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

மரியன் அண்டர்சன் 1897 இல் பிலடெல்பியாவிற் பிறந்தவர். தந்தை பனிக்கட்டியும் நிலக்கரியும் விற்றவர். அவர் இறந்தபின் தாய் சலவை செய்தும் பிறர் வீடு துப்புரவாக்கியும் பிள்ளைகளை வளர்த்தார். இளம் மரியன் இசைப்பள்ளியொன்றின் வாயிலுக்குச் சென்றபோது நிறத்தைக் காட்டித் திருப்பி அனுப்பினர். தேவாலயத்து ஏழை மக்கள் சேர்த்துக் கொடுத்த காசிலேயே அவர் பாடம் கற்றார். பின்னர் ஐரோப்பா அவரைப் போற்றியது. 1935 இல் சால்ஸ்பேர்க்கில் அவரது பாட்டைக் கேட்ட தொஸ்கனினி, நூறாண்டுக்கு ஒரு முறையே கேட்கக்கூடிய குரல் என வியந்தார்.

அத்தகைய குரலுக்குத் தலைநகர் வாஷிங்டனில் இடமில்லாது போயிற்று. ஹொவார்ட் பல்கலைக்கழகம் 1939 இல் அவரது கச்சேரிக்கு 'அரசியலமைப்பு மண்டபம்' என்ற பேரரங்கைக் கேட்டது. (மண்டபத்தின் பெயரை வாசகர் கவனிப்பாராக.) அதற்கு உரிமையுடைய 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்னும் சங்கம் வெள்ளையரல்லாத கலைஞருக்குத் தர மறுத்தது. புரட்சியைச் செய்தவர்களின் வழித்தோன்றல்கள் என்பதே அவர்களுடைய பெருமை! சனாதிபதியின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் அச்சங்கத்தினின்று விலகினார். கண்டனங்கள் பெருகின. ஈற்றில் உள்நாட்டு அமைச்சர் ஹரல்ட் இக்கஸ், ஆபிரகாம் லிங்கன் நினைவாலயத்தின் படிகளைத் திறந்தவெளி மேடையாக அளித்தார்.

எழுபத்தையாயிரம் பேர் திரண்டனர். 1922 இல் அந்நினைவாலயம் திறக்கப்பட்டபோது கறுப்பின மக்களைத் தனியே ஒதுக்கி அமர்த்தியிருந்தனர். பதினேழு ஆண்டுகளின் பின் அதே படிகளின் முன் இரு நிறத்தாரும் கலந்து நின்றனர். ஐந்து மணிக்கு, குளிர் வீசும் மாலைப் பொழுதில், ஒலிவாங்கிகளின் வரிசைக்குப் பின்னால் மரியன் வந்து நின்றார். முதலில் நாட்டுப் பாடல். அதிலே 'நான்' என வரும் இடத்தை அவர் 'நாம்' என மாற்றிப் பாடினார். அடுத்து டொனிசெற்றியின் 'லா ஃபவோரிற்றா' ஒபெராவிலிருந்து ஒரு தனிப்பாடல், பின்னர் ஷூபேர்ட், அதன்பின் அடிமை மக்களின் பக்திப் பாடல்கள். என்.பீ.சீ. அதனை நாடெங்கும் ஒலிபரப்பியது. ஒபெரா மேடை ஏற்காத ஒரு பெண்ணின் குரலில் ஒபெராப் பாடல் அன்று இலட்சக்கணக்கான இல்லங்களிற் புகுந்தது.

அந்நாளை அமெரிக்க சனநாயகத்தின் வெற்றி நாளாகக் கொண்டாடுவது வழக்கம். நாம் அவ்வளவு விரைவிற் கைதட்டுவதற்கில்லை. முந்திய ஆண்டிலேதான் கறுப்பின மக்களைக் கும்பல் கொலை செய்வதற்கு எதிரான சட்டமூலத்தைத் தென்மாநில செனற்றர்கள் வாரக்கணக்கிற் பேசியே சாகடித்திருந்தனர். அரசு படிகளைக் கொடுத்தது, சட்டத்தைக் கொடுக்கவில்லை. ஆயினும் அந்த மாலையின் நினைவு வீண்போகவில்லை. 1963 ஓகஸ்ட் 28 இல் அதே இடத்தில் உரிமை கோரித் திரண்ட பெருங்கூட்டத்தின் நடுவே மரியன் மீண்டும் பாடினார்.

மெற்றோபொலிட்டன் மேடை அவரை 1955 ஜனவரி 7 இலேயே ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழு. குரலின் உச்சப் பருவம் கழிந்துவிட்டது. கிடைத்த பாத்திரமோ வேர்டியின் 'முகமூடி நடனம்' ஒபெராவில் வரும் உல்ரிக்கா. நூலாசிரியரே கறுப்பினத்தவளாகப் படைத்து, நீதிபதியின் வாயால் அவளது குலத்தை இழிவுபடுத்தவும் செய்த குறிசொல்பவள் அவள். அவ்வாண்டு டிசம்பர் 10, சனிக்கிழமை, அந்த ஒபெரா மரியன் குரலுடன் மேடையிலிருந்தே வானலைக்குச் சென்றது. முதல் ஒலிபரப்பிலிருந்து இருபத்துநான்கு ஆண்டுகள்!

ஒலிவாங்கி எவர் கையில் என்ற வினாவை இன்னொருவரின் கதை மேலும் கூர்மையாக்குகிறது. போல் ரோப்சன் மரியனின் சமகாலத்தவர், முசோர்க்ஸ்கியின் 'பொரிஸ் கொதுனோவ்' பகுதியைக் கச்சேரியிற் பாடிய பெருங்குரலோன். ஆனால் அவர் சமாதானத்தையும் சோவியத் நட்பையும் தொழிலாளர் உரிமையையும் பாட்டோடு சேர்த்தே பேசினார். 1950 இல் எலினோர் ரூஸ்வெல்ட்டின் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் அவர் தோன்றவிருந்தபோது நிறுவனம் அதனை இரத்துச் செய்தது. அந்த நிறுவனம், உயிர்த்த ஞாயிறன்று மரியனை ஒலிபரப்பிய அதே என்.பீ.சீ. தான். மரியனின் மௌனத் துயரை ஏற்ற அலைவரிசை ரோப்சனின் வாதத்தை ஏற்கவில்லை. அவ்வாண்டே அவரது கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டது.

1957 இல் ரோப்சன் வேறு வழி கண்டார். அத்திலாந்திக் கடலடியிற் புதிதாக இடப்பட்டிருந்த தொலைபேசிக் கம்பி வழியே நியூயோர்க்கில் இருந்தவாறே இலண்டன் மண்டபமொன்றிற் கூடியோருக்குப் பாடினார். அவ்வாண்டு ஒக்ரோபரில், போர்த்கோல் நகரில் ஆயிரக்கணக்கிற் கூடியிருந்த வேல்ஸ் சுரங்கத் தொழிலாளருக்கும் அவ்வாறே பாடினார். அவர் முடித்ததும் சுரங்கத் தொழிலாளர் பாடிய பாட்டு அதே கம்பி வழியே கடல் கடந்து அவரை வந்தடைந்தது.