சங்கிலியும் எண்ணெயும்: துவிச்சக்கர வண்டி வரலாற்றில் ஒரு நோக்கு

துவிச்சக்கர வண்டியின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி அமைத்த 'றோவர்' வண்டியும், 1888இல் ஜோன் பொய்ட் டன்லப் ஆக்கவுரிமை பெற்ற காற்றடைத்த டயரும் அதிற் சிறப்பிடம் பெறுகின்றன. அவ்வண்டியை நாள்தோறும் ஓடச்செய்த துடைத்தலும் எண்ணெயிடலும் பேசப்படுவதில்லை. ஆயினும், சங்கிலியின் வரலாற்றை நிருணயித்தவற்றுள் பராமரிப்பும் ஒன்று என்பது மனங்கொளத்தக்கது.

'றோவருக்கு' முற்பட்ட உயர்சில்லு வண்டியில் மிதிகள் முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. அதற்குச் சங்கிலி வேண்டியிருக்கவில்லை. வேகத்தின் பொருட்டுச் சில்லு பெரிதாகியது; விழுந்தோர் உயரத்திலிருந்து விழுந்தனர். சங்கிலி பின்சில்லை இயக்கத் தொடங்கியதும் இருக்கை தாழ்ந்தது, ஆபத்துக் குறைந்தது. ஆனால் நிலத்துக்கு அண்மையில் ஓடிய சங்கிலி சேற்றுக்கும் புழுதிக்கும் இலக்காயிற்று.

சுவிற்சர்லாந்திற் பிறந்து மஞ்செஸ்டரிற் குடியேறிய ஹான்ஸ் றெனோல்ட், சல்போட்டில் இயங்கிய ஜேம்ஸ் ஸ்லேற்றரின் சங்கிலித் தொழிலை 1879இல் வாங்கினார். அங்கு நெசவாலைப் பொறிகளுக்கான சங்கிலிகள் செய்யப்பட்டன. பழைய சங்கிலியில் பாரம் முழுவதும் தகட்டின் ஒடுங்கிய விளிம்பில் தங்கியமையால் ஊசிகள் விரைவில் தேய்ந்தன. 1880இல் றெனோல்ட் ஊசிக்கும் உருளைக்கும் இடையே ஒரு குழலைப் புகுத்திப் பாரத்தைப் பரவச் செய்தார். இன்றைய சங்கிலியும் அவ்வமைப்பினதே.

எனினும் தேய்வு முற்றாக நீங்கவில்லை. எண்ணெயுடன் கலந்த மணல் அரைக்கும் பசையாகி, ஊசிக்கும் குழலுக்கும் இடையே புகுந்து இரண்டையும் தேய்க்கும். "சங்கிலி நீண்டுவிட்டது" என்று கூறப்படுவது இத்தேய்வையே. தகடுகள் இழுபட்டு நீள்வதில்லை. அரை அங்குல இடைவெளி கொண்ட 24 கண்ணிகள் 12 அங்குலம் அளத்தல் வேண்டும். அவை அங்குலத்தின் எட்டிலொரு பங்கு மிகுமாயின் தேய்வு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்றாகும். அதன்பின் பற்சில்லின் பற்களும் கெடும். ஆகவே எண்ணெய் சேரவேண்டிய இடம் கண்ணிகளின் உட்புறமாகும். வெளியே படிந்த எண்ணெய் புழுதியை ஈர்ப்பதற்கே உதவும்.

இதனை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த வண்டியோட்டிகள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் தேய்த்து உலர்த்துவர். பின்னர் காரீயத் தூள் கலந்து உருக்கிய விலங்குக் கொழுப்பில் அமிழ்த்துவர். சூட்டில் இளகிய கொழுப்பு உட்புகுந்து, ஆறியபின் அங்கேயே உறையும். மேற்பரப்பு துடைக்கப்படும். அந்நாளில் உலகச் சந்தைக்கு உயர்தரக் காரீயத்தைப் பெருமளவில் வழங்கிய நாடு இலங்கையாகும். அதிற் பெரும்பகுதி உலோகம் உருக்கும் புடக்குகைகள் செய்யப் பயன்பட்டதெனினும், காரீயத்தின் பயன்களுள் உராய்வு நீக்குதலும் ஒன்றாக விளங்கியது. கேகாலை, குருநாகல் பகுதிகளின் சுரங்கங்களில் உழைத்தோரும் இயந்திர யுகத்தின் வரலாற்றுக்கு உரியவரே.

இவ்வேலையிலிருந்து வண்டியோட்டியை விடுவிக்கும் முயற்சிகளும் எழுந்தன. 1890களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டு பூட்டிய வண்டியை விற்றது. விலை மிகுதியாலும் பற்சில்லுகளைத் துல்லியமாக வெட்டுவதிலிருந்த இடர்ப்பாட்டாலும் அது நிலைக்கவில்லை. இங்கிலாந்தின் வுல்வர்ஹம்ரனில் ஜோன் மாஸ்ரனின் 'சன்பீம்' வண்டி வேறு வழியை நாடியது. அதன் சங்கிலி மூடிய உறையினுள், எண்ணெயில் தோய்ந்தவாறே ஓடியது. 1903இல் விற்பனைக்கு வந்த ஸ்ரேமி ஆச்சர் மும்முறை வேகமாற்றி சில்லின் குடத்தினுள்ளேயே அமைந்தமையால் உறைக்குத் தடையாகவில்லை.

ஆனால் சங்கிலியைப் பக்கவாட்டில் நகர்த்திப் பற்சில்லு மாற்றும் பொறிமுறைக்கு அத்தகைய உறை இடையூறாயிற்று. 1937இல் 'ரூர் டி பிரான்ஸ்' போட்டி அதனை அனுமதித்தது. அதன் செல்வாக்குப் பெருகப் பெருகச் சங்கிலி மீண்டும் வெளியே வந்தது. நெதர்லாந்தின் அன்றாடப் பாவனை வண்டிகள் பலவற்றில் மூடிய உறை இன்றும் நிலைத்துள்ளது.

உறையை நீக்கியதால் வேகமும் இலகுவும் கிடைத்தன. உறை செய்துவந்த வேலை வண்டியோட்டியின் கைக்குத் திரும்பியது. தொழினுட்ப முன்னேற்றம் உழைப்பை எப்பொழுதும் ஒழிப்பதில்லை. சில வேளைகளில் அதனை இடம்மாற்றுகின்றது. அவ்வுழைப்பையும் கணக்கிற் கொள்ளாத வரலாறு பாதி வரலாறேயாகும்.