லயத்து வீட்டில் மாலை ஜெபம்



கோவில் இருக்கும் இடத்தில்தான் ஜெப வாழ்வு செழிக்கும் என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். கெடா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் வரலாறு நமக்கு வேறொன்றைக் காட்டுகிறது. கோவில் பட்டணத்தில் இருந்தது. குருவானவர் எப்போதாவது வந்துபோனார். ஜெபமோ அன்றாடம் வீட்டிலே நடந்தது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு நிலைத்தது என்பதை இன்று பார்ப்போம்.

கெடாவில் கத்தோலிக்க ஜெபம் ரப்பர் மரத்தைவிடப் பழமையானது. 1780களின் தொடக்கத்தில், சயாமிலிருந்து வெளியேற நேர்ந்த பிரெஞ்சுக் குருமார்களான கூடேயும் கார்னோவும் குவாலா கெடாவுக்கு வந்து, அங்கே ஒரு சிறு கிறிஸ்தவக் கூட்டத்தைப் பேணினார்கள். 1786ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தைத் தொடங்கியபோது, கார்னோவும் அந்த மக்களும் கடல் கடந்து பினாங்கு சேர்ந்தார்கள். அங்குள்ள விண்ணேற்பு மாதா கோவிலின் தொடக்கம் அதுவே.

அவர்களில் பலர் போர்த்துக்கீசிய வழிவந்தவர்கள். கெடாவில் தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறியது பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில். கங்காணியின் சொல்லை நம்பிக் கப்பல் ஏறியவர்களில் கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர் மிகப் பலர். ஆனாலும் பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், விசுவாச மந்திரம் ஆகியவற்றை மனப்பாடமாகக் கொண்டுவந்தார்கள். ஏட்டில் இல்லாத அந்தச் சொத்து அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?

அதற்கு நாம் 1542ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அவ்வாண்டு புனித சவேரியார் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உடன் வைத்துக்கொண்டு முக்கியமான மந்திரங்களைத் தமிழாக்கச் செய்து, தாமும் மனப்பாடம் செய்தார். கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டினார். கற்றதை வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்கும் அண்டை அயலாருக்கும் சொல்லிக்கொடுக்கும்படி அந்தப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தார். தாம் அடுத்த ஊருக்குப் போகும்போது, மந்திரங்களின் பிரதி ஒன்றை எழுதத் தெரிந்தவரிடம் விட்டுச் சென்றார். 1545ல் அவர் மலாக்காவுக்கு வந்தபோது, அங்கேயும் கையில் மணியோடு தெருவில் நடந்தார்.

ஊருக்கு ஊர் குருவானவரை நிறுத்த இயலாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே ஜெபத்தை வீட்டாரின் வாயிலும் நினைவிலும் விட்டுச் சென்றார். பின்னர் 1578ல் அண்டிரிக்கு அடிகளார் 16 பக்கமுள்ள 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைக் கொல்லத்தில் அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சேறிய மிகப் பழைய நூல்களில் ஒன்றாகிய அது, ஒரு சிறு ஜெப, ஞானோபதேச நூலே.

குருவானவரே இல்லாமற்போனால் இந்த முறை தாங்குமா? இலங்கையில் தாங்கியது. 1658ல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய டச்சுக்காரர், கத்தோலிக்கக் குருமாருக்குத் தடை விதித்தனர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்து, 1687ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் கூலியாளைப்போல் வேடமிட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். விசுவாசம் அணைந்துவிடவில்லை. பூசை காணாமலே வளர்ந்த பிள்ளைகளுக்கு மூத்தோர் மந்திரங்களைக் கற்றுக்கொடுத்திருந்தனர். அவ்வடிகளாருக்கு 2015ல் கொழும்பில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவர் வரும்வரை விளக்கை அணையாமல் காத்த தாய்மாரின் பெயர்களை எந்த ஏடும் குறித்து வைக்கவில்லை.

இனி கெடாவுக்குத் திரும்புவோம். பீடோங், பாடாங் செராய், கூலிம் போன்ற பகுதிகளின் தோட்டங்களில் விடிவதற்கு முன்பே பிரட்டு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் குளிர்ந்த வேளையிலேயே மரம் சீவ வேண்டும். கத்தோலிக்க மரபின் மூவேளை ஜெபமோ காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என்று மணி ஒலிக்கச் சொல்லப்படுவது. காலை ஆறு மணிக்குத் தொழிலாளி மரத்தடியில் நிற்பார். நண்பகலில் பால் வாளியோடு கொட்டகையில் காத்திருப்பார். சிலுவை அடையாளம் ஒன்றும் மனத்துக்குள் ஒரு மந்திரமுமே அவ்வேளைகளில் இயலும். அதுவும் ஜெபமே.

மாலை வேளைதான் குடும்பத்துக்கு உரியது. அடுப்பு வேலை முடிந்தபின், மாதா படத்தின் முன் விளக்கேற்றி ஜெபமாலை சொன்னார்கள். ஐந்து பத்துமணி சொல்ல இருபது நிமிடம் போதும். புத்தகம் வேண்டாம், கணக்கு வேண்டாம். விரலில் உருளும் மணியே கணக்கு. அன்று பூசை லத்தீனில் நடந்தது. 1963ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அவரவர் மொழிக்கு வழி திறந்தபின்னரே தமிழ்ப் பூசை வந்தது. அதுவரை நம் பாட்டிமார் தெளிவாக விளங்கிச் சொன்ன ஜெபம் வீட்டு ஜெபமே என்றால் மிகையாகாது. கோவிலுக்கு அலோர் ஸ்டாருக்கோ சுங்கை பட்டாணிக்கோ போவது சிலருக்கு வாய்த்தது. ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை மாதம், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு இன்றும் மக்கள் திரளாகப் போகிறார்கள். திருவிழா ஆண்டுக்கு ஒருநாள். மற்ற நாள்களுக்கெல்லாம் வீடே கோவில்.

இன்று அந்த லயங்கள் பல இல்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996ல் திறக்கப்பட்டது; நம் பிள்ளைகளில் பலர் இன்று தொழிற்சாலைகளில் பகல், இரவு என்று முறை மாற்றி வேலை செய்கிறார்கள். தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே பிரட்டு, ஒரே ஓய்வு. இப்போதோ ஒரு வீட்டில் தகப்பன் திரும்பும் வேளையில் மகள் புறப்படுகிறாள். கோவில் முன்னைவிட அருகில் இருக்கிறது. குடும்பம் ஒன்றுகூடும் மணிதான் எட்டிப் போயிருக்கிறது.

இதற்கு வரலாறு தரும் விடை எளியது. சவேரியார் பெரிய கோவில் எழும்வரை காத்திருக்கவில்லை, பிள்ளைகளிடம் தொடங்கினார். இலங்கை மூத்தோர் நல்ல காலம் வரட்டும் என்று இருந்துவிடவில்லை. தோட்டத்துத் தாய்மார் வேலை நேரத்தைக் குறை சொல்லாமல், மிஞ்சிய நேரத்தை ஜெபநேரம் ஆக்கினார்கள். ஐந்து பத்துமணிக்கு நேரமில்லையா? ஒரு பத்துமணி சொல்வோம். மாலையில் கூட முடியாதா? எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் எதுவென்று பார்த்து, அதையே நம் வீட்டு மணி ஆக்குவோம். பாட்டி உயிரோடு இருக்கும்போதே பேரப்பிள்ளை அவர் வாயிலிருந்து அந்த மந்திரங்களைக் கற்றுக்கொள்ளட்டும். ஏட்டில் தவறவிட்டதை மீண்டும் எழுதிவிடலாம். ஒரு தலைமுறையின் நாவில் தவறவிட்டதைத் திரும்பப் பெறுவது எளிதன்று.