காலை வெட்டுவதா, காப்பதா? பாறசாலை எல்லையிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இந்நிகழ்வைப் பெரும்பாலும் மொழியின் வரலாறாகவே எழுதிவந்துள்ளனர். அதற்கு மருத்துவப் பக்கமும் ஒன்று உண்டு.

அதுவரை பாறசாலைச் சிற்றூர்களுக்கும் நெய்யூர் மருத்துவமனைக்கும் இடையே எல்லைக்கோடு கிடையாது. 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே வருகையோடு அங்கே லண்டன் மிஷனின் மருத்துவப் பணி தொடங்கியது. 1920களில் அங்கே அறுவைப் பணியை ஏற்ற ஹோவர்டு சாமர்வெல்லை எவரெஸ்ட் ஏற்றக்காரராகவே பலர் அறிவர். ஆனால் அவர் 1916இல் சோம் போர்முனையில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்தவர் என்பதே இங்குப் பொருட்படுத்தத்தக்கது. எலும்போ குடலோ தோலோ, எல்லாம் ஒரே அறுவை மருத்துவரின் பொறுப்பாயிருந்த காலம் அது.

1951இல் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. அறுவை மருத்துவம் உலகெங்கும் துறைதுறையாகப் பிரிந்து ஆழம் கண்டது. ஆனால் நசுங்கிய கால் துறைவாரியாக நசுங்குவதில்லை. எலும்பு மருத்துவர் முறிவை நிலைநிறுத்திவிட்டுத் தோலை மூடப் பிறிதொரு நாள் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவரை அழைத்தால், திறந்து கிடக்கும் எலும்பில் கிருமி குடியேறிவிடும். குருதிக்குழாயும் அறுந்திருந்தால் நாள்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கும்; சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். எவர் முதலில், எவர் அடுத்து என்பதை முதல் அறுவையிலேயே கூடித் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

இதற்குத் தமிழகம் அளித்த விடை கோவை கங்கா மருத்துவமனையில் உருவானது. அங்கே எலும்பு அறுவைத் துறையை எஸ். ராஜசேகரனும் ஒட்டுறுப்பு அறுவைத் துறையை அவர்தம் சகோதரர் எஸ். ராஜா சபாபதியும் வளர்த்தனர். அக்காலத்தில் வழக்கிலிருந்த கஸ்டிலோ வகைப்பாட்டின் ‘3பி’ பிரிவு மிக விரிந்தது. காக்கத்தக்க காலும் காக்கவியலாத காலும் அதில் ஒன்றாய்க் கிடந்தன. கங்கா மதிப்பெண் முறையோ தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தனித்தனியே மதிப்பிடுகிறது. அதிர்ச்சி நிலை, காலத்தாழ்வு, நீரிழிவு போன்றவற்றுக்கு இவ்விரண்டு மதிப்பெண் கூட்டுகிறது. 14 வரை காக்க முயலலாம். 17 அல்லது அதற்கு மேல் எனில் நீக்குவதே பெரும்பாலும் நலம். இடைப்பட்ட எண்களில் மருத்துவர்களின் அனுபவமே துணை. 2006இல் பிரிட்டிஷ் எலும்பு அறுவை இதழில் இதன் ஆய்வு வெளிவந்தது. வெவ்வேறு துறையினருக்கு ஒரு பொதுமொழியைத் தந்ததே, எண்களைக் காட்டிலும், இதன் பெரும்பயன் எனலாம்.

அப்பொதுமொழி பேசும் குழுவிடம் காயமுற்றவர் உரிய நேரத்தில் சேர்வாரா என்பதில் எல்லை மீண்டும் குறுக்கிடுகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. காயமுற்றவர் எம்மாநிலத்தவர் என்று அது பார்ப்பதில்லை. விபத்து தமிழக எல்லைக்குள் நேர்ந்ததா என்று பார்க்கிறது. களியக்காவிளையில் வண்டி மோதிய பாறசாலைக்காரர் அதில் அடங்குவார். அதே சாலையில் சிறிது தொலைவு மேற்கே, தம் ஊர்ப் பக்கத்தில் அடிபட்டால் அடங்கமாட்டார்.